புராணத்தைப் புதிதாக எழுதும் கதைகள்: கொங்கு நாட்டு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு, கோபி, தாராபுரம் என்று இந்தப் பக்கத்து வாசிப்புக் கூட்டங்களுக்குப் பல வருடமாகப் போய் வருகிறேன். புராண நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கேட்பதும், பேரனுக்குப் புத்தகம் வாங்க வந்த பெரியவர் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புராண மறுபுனைவு, மிகுபுனைவு என்கிறார்களே, அது எந்த மாதிரிக் கதை?

இராமாயணம், பாரதம், புராணங்கள், ஊர்ச்சாமி கதைகள் ஆகியவற்றில் வரும் ஆட்களை எடுத்துக்கொண்டு, இன்றைக்குப் படிக்கிறவர் மனசுக்கு எட்டுகிற மாதிரி புதிதாகக் கட்டும் கதை. எவ்வளவு தூரம் மாற்றுகிறார்கள் என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். எம்.டி. வாசுதேவன் நாயர் மலையாளத்தில் எழுதி 1984-ல் வந்த 'ரண்டாமூழம்' (தமிழில் 'இரண்டாம் இடம்') பாரதக் கதையின் போக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை. பீமன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பார்க்கிறது, அவ்வளவுதான். அமீஷ் திரிபாதி 2010-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'மெலூஹாவின் அமரர்கள்' நேர் எதிர் ஓரம். அதில் சிவன் திபெத்துப் பக்கத்து மலைக்குடித் தலைவன். சோமரசம் குடித்ததும் கழுத்து நீலமாகிறது. கதை நடக்கும் உலகமே ஆசிரியர் கட்டியது. மிகுபுனைவு என்று சொல்வது இந்த இரண்டாவது வகையை.

சாமி கதையை மாற்றி எழுதுவது பாவமில்லையா?

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். கேட்பவர்கள் உண்மையான பயத்தோடு கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அகலிகையை எடுத்துக்கொள்வோம். வால்மீகியில் அவள் கல்லாகவில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை மட்டும் உண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். நம் கம்பரில் கல்லாகிறாள், இராமனின் கால்தூசி பட்டு எழுகிறாள். 1943-ல் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினார். அதில் கல்லிலிருந்து மீண்ட அகலிகை, இராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்டதும் மறுபடியும் கல்லாகிப் போகிறாள். ஒருவர் வைத்த கல்லின் மேல்தான் அடுத்தவர் அடுத்த கல்லை வைத்திருக்கிறார். கம்பர் மாற்றாமல் விட்டிருந்தால் புதுமைப்பித்தனுக்கு அந்த முடிவே கிடைத்திருக்காது.

கம்பர் மாற்றியது அது ஒன்று மட்டுமல்ல. வால்மீகியில் இராவணன் சீதையைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்குகிறான். கம்பருக்கு அது பொறுக்கவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான் என்று எழுதிவிட்டார். பக்தி குறைந்ததாலா மாற்றினார்? பக்தி கூடியதால்தான்.

அப்புறம் கோவைப் பக்கத்துப் பேரூர்க் கோயில் கதை. சுந்தரர் பாட வருகிறார், கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. பட்டீசுவரர் அம்மனையும் கூட்டிக்கொண்டு, பள்ளனும் பள்ளியுமாக வேடம் போட்டு, நாற்று நட வயலுக்குப் போய்விடுகிறார். எங்கே போனார் என்று நந்தி காட்டிக் கொடுக்க, கோபத்தில் மண்வெட்டியால் நந்தியின் தாடையிலேயே ஒன்று வைத்தார் என்பது கதை. ஆனி மாதத்தில் இன்றைக்கும் அங்கே நாற்று நடவு விழா நடக்கிறது. கடன்காரனுக்கு முகம் கொடுக்க முடியாமல் வயலில் போய் நிற்கும் சம்சாரியின் சங்கடத்தை, நொய்யல் கரைக்காரர்கள் சாமிக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதைவிடத் துணிச்சலான மறுபுனைவை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. அதைப் பாவம் என்று யாரும் சொன்னதில்லை, திருவிழாவாகக் கொண்டாடுகிறோம்.

ஆக, மாற்றுவதில் தப்பில்லை. எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றுவதுதான் தப்பு.

இந்த அலை எப்போது தொடங்கியது?

ஆங்கிலத்தில் என்றால் 2003-ல் அசோக் பேங்கரின் இராமாயண வரிசை தொடங்கியது. 2008-ல் சித்ரா பானர்ஜி திவாகருணி பாஞ்சாலியின் வாயால் பாரதம் சொன்னார். 2010-ல் அமீஷ் வந்தபின் கடைகளில் இதற்கென்று தனி அடுக்கே வந்துவிட்டது. ஆனால் நம் மொழிகளில் இது வெகு காலமாக நடக்கிறது. மராத்தியில் சிவாஜி சாவந்த் கர்ணனை வைத்து 1967-ல் எழுதினார். கன்னடத்தில் பைரப்பாவின் 'பர்வ' 1979-ல் வந்தது. பாவண்ணன் அதை 'பருவம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார்.

துரியோதனனையும் இராவணனையும் நல்லவனாகக் காட்டுவது இப்போது வந்த ஃபேஷன்தானே?

இல்லை. ஈரோட்டுப் பக்கத்து ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை 1946-லேயே 'இராவண காவியம்' எழுதிவிட்டார். 5 காண்டம், 57 படலம், 3100 பாடல்கள். நாவல் அல்ல, முழு இலக்கணத்தோடு கூடிய காப்பியம். 1948-ல் அரசு அதற்குத் தடை போட்டது. 1971-ல்தான் தடை நீங்கியது. கம்பரை மறுக்க வேண்டும் என்று உட்கார்ந்தவர், கம்பரைப் போலவே நாடும் ஆறும் பாடி, கம்பர் கையாண்ட விருத்தத்திலேயே எழுதினார். அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்களோ இல்லையோ, மறுப்பதற்கும் அவ்வளவு படிப்பு தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

இன்றைக்கு வரும் பல நாவல்களில் எனக்கு இருக்கும் குறை இதுதான். வில்லனை நாயகனாக்குகிறேன் என்று தொடங்கி, நாயகனை வில்லனாக்கிவிட்டு நின்றுவிடுகிறார்கள். சட்டையை மாற்றிப் போட்டால் ஆள் மாறிவிடுவதில்லை. துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டைக் கொடுத்தது உண்மையான அன்பு. சபையில் பாஞ்சாலியை இழுத்துவரச் சொன்னதும் அதே ஆள்தான். இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்து எழுதுகிறவருடைய கதைதான் நிற்கும்.

மூல நூலைப் படிக்காமல் நேரே இந்த நாவல்களைப் படிக்கலாமா?

படிக்கலாம். பிடித்துப் போனால் நீங்களே மூலத்துக்குப் போவீர்கள். ராஜாஜியின் 'வியாசர் விருந்து' ஒன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஆசிரியர் எந்த இடத்தில் வண்டியைத் திருப்புகிறார் என்று தெரியும். அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி சுகமே.

பிள்ளைகள் நாவலையே உண்மைப் புராணம் என்று நம்பிவிட மாட்டார்களா?

நம்புகிறார்கள். ஒரு பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒரு பெண், சிவன் திபெத்திலிருந்து வந்தவர் என்று வரலாறு சொல்கிறது என அடித்துப் பேசினாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இறங்கி வந்ததும் கூப்பிட்டு, "அது கதை கண்ணு, கதைன்னு சொல்லியே படி, இன்னும் நல்லாருக்கும்" என்றேன்.

ஆனால் பெரியவர்கள் நாமும் இதில் சளைத்தவர்கள் அல்ல. லட்சுமணன் கோடு கிழித்தான் என்று எல்லாரும் சொல்கிறோம், வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் அந்தக் கோடு இல்லை. வழுக்கி விழுந்த துரியோதனனைப் பார்த்துப் பாஞ்சாலி "குருடன் மகனும் குருடன்" என்றாள் என்கிறோம். புனாவில் பல சுவடிகளை ஒப்பிட்டுத் தயாரித்த பாரத ஆய்வுப் பதிப்பில் அவள் அப்படிச் சொல்லவே இல்லை. பிற்காலத்தில் யாரோ சொன்னது கூத்திலும் சினிமாவிலும் ஏறி, மூலமாகவே ஆகிவிட்டது. ஒரு பெண் சொல்லாத சொல்லுக்காக அவள்தான் போருக்கே காரணம் என்று இத்தனை காலம் பழி சுமந்திருக்கிறாள் என்றால், எது மூலம், எது மாற்றம் என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு அவசியம் என்று பாருங்கள்.

'வெண்முரசு' ரொம்பப் பெரிதாக இருக்கிறதே, எப்படிப் படிப்பது?

2014 தொடக்கத்திலிருந்து 2020 வரை ஜெயமோகன் தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதியது, மொத்தம் 26 நாவல்கள். அவரும் தினம் ஒன்றாகத்தானே எழுதினார், நாமும் அப்படியே படிக்கலாம். முதல் நாவலான 'முதற்கனல்' பிடிபடவில்லை என்றால் 'நீலம்' எடுத்துப் பாருங்கள். ராதை, கண்ணன் கதை, தனியாகவே நிற்கும்.

கொங்கு நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இராமாயண பாரதமெல்லாம் வடக்கே நடந்ததுதானே?

வடக்கே நடந்ததை இங்கே நடந்ததாக ஆக்கிக்கொள்வதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. தாராபுரத்தை விராடபுரம் என்பார்கள். பாண்டவர்கள் ஒரு வருடம் ஒளிந்திருந்தது இங்கேதான் என்று அந்த ஊர்க்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார். காட்டில் கிடக்கும் பெருங்கற்கால ஈமக்குழிகளுக்குப் பாண்டவர் குழி என்று பெயர். ஆதிசேஷனும் வாயுவும் மல்லுக்கு நின்றபோது மேருமலை துண்டாகிச் சிதறியதில் ஒரு துண்டு கொடுமுடி என்கிறது தலபுராணம். திருச்செங்கோட்டு மலையின் சிவப்பும் ஆதிசேஷன் சிந்திய ரத்தம்தான் என்பார்கள். பாறை ஏன் சிவந்திருக்கிறது என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதில் சொன்னவர்தான் நம்முடைய முதல் மிகுபுனைவு எழுத்தாளர்.

அரவானையும் சொல்ல வேண்டும். சமஸ்கிருத பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான், சின்னப் பாத்திரம். தமிழ்ப் பாரதங்களில்தான் போருக்கு முன்பே தன்னைக் களப்பலியாகக் கொடுக்கிறான். கோவையில் சிங்காநல்லூர், குறிச்சிப் பக்கம் அவனுக்குப் பண்டிகையே எடுக்கிறார்கள். மூலத்தில் சில பக்கமே வரும் பையனை ஊரே தூக்கி வைத்து அழுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே அண்ணமார் கதை, நம் கொங்கு நாட்டு வீரக் கதைப்பாட்டு. பொன்னர், சங்கர், தங்கை தங்காள். உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். அண்ணமாரைப் பாண்டவர்களின் மறுபிறவி என்றும் பாடுவதுண்டு. அதாவது பாரதத்தின் தொடர்ச்சியையே நாம் இங்கே எழுதிக்கொண்டோம். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-ல் இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிறகு அதிலிருந்து அசைபடத் தொடரே வந்தது. கன்னியான தங்காள் ஒண்டியாகப் படுகளத்துக்குத் தேடிப்போய், செத்துக் கிடக்கும் அண்ணன்மாரைச் சற்று நேரமாவது எழுப்பிப் பேசுகிறாளே, அந்த இடத்தில் உடுக்கைச் சத்தம் தாழ்ந்து, பாடுகிறவர் குரல் மட்டும் தனியாக நிற்கும். கேட்டவர்களுக்குத் தெரியும். தங்காள் பக்கமிருந்து யாராவது ஒரு நாவல் எழுத மாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதைக்கு, அண்ணமாரோடு மோதிய வேட்டுவர் பக்கம் என்று இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் காது கொடுத்துக் கேட்டவர் எழுத வேண்டும்.

நான் எழுத ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

பெரிய போர், பெரிய அஸ்திரம் என்று தொடங்காதீர்கள். உங்களுக்குக் கண்ணால் தெரிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விராட பருவத்தில் சகாதேவன் தந்திபாலன் என்ற பெயரில் மாடு மேய்க்கிறான். தாராபுரம்தான் விராடபுரம் என்றால் அவன் மேய்த்தது காங்கேயம் மாடு. மேய்த்த இடம் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே நிழலுக்கு வெள்வேல மரம், நுழைகிற இடத்தில் ஒரு படல். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறு மாதம் போனால் நிறம் மாறிவிடும். இப்போது நினைத்துப் பாருங்கள். பேரையும் குலத்தையும் மறைத்துக்கொண்டு திரியும் ஒருவன், தன் கண்முன்னே கன்று ஒவ்வொன்றும் நிறம் மாறுவதைத் தினமும் பார்க்கிறான். சகாதேவனுக்கு வருங்காலம் தெரியும் என்று நம் பக்கம் சொல்வார்கள். எந்தக் கன்று எந்த நிறத்துக்குப் போகும் என்று முன்னமே தெரிந்தவன், தனக்கு என்ன நடக்கும் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவன். இதில் மந்திரமும் இருக்கிறது, நம் காடும் இருக்கிறது.

இதே பருவத்தில்தான் கௌரவர்கள் வந்து மாட்டைக் கவர்ந்து போகிறார்கள். சங்கப் பாட்டில் அது வெட்சி, மீட்பது கரந்தை. மாடு மீட்டுச் செத்தவனுக்கு நடுகல் நட்ட மண் இது. பாண்டவர் ஆயுதங்களை ஒளித்து வைத்தது வன்னி மரத்தில். கொடுமுடிக் கோயிலுக்குள் போனால் தல மரமே வன்னிதான். முடிச்சுகள் எல்லாம் கிடக்கின்றன, கோர்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இன்னொன்று, உங்கள் உலகத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வரம் கொடுத்தால் என்ன விலை? சாபம் யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது? புராணத்தில் இதற்கு எப்போதும் கணக்கு உண்டு. குந்திக்கு மந்திரம் கிடைத்தது, அதன் விலை ஆற்றோடு போன பிள்ளை. கணக்கில்லாமல் மந்திரத்தை அள்ளி இறைத்தால் படிக்கிறவருக்கு எதிலும் பதற்றம் வராது.

கர்ணன் கொங்குத் தமிழில் பேசலாமா? "ஏனுங்க" என்றால் சிரிப்பு வராதா?

முதல் பக்கத்தில் வரலாம், பத்தாம் பக்கத்தில் வராது. சாமி நம் பாஷையில் பேசுவது புதிதும் அல்ல. உடுக்கைப் பாட்டில் சிவனும் பார்வதியும் ஊர்ப் பேச்சுதான் பேசுகிறார்கள். என் அபிப்பிராயம், கதை சொல்லும் நடை எல்லா ஊருக்கும் புரியும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சில் மண்வாசம் இருக்கட்டும். நம் மரியாதைக்கும் ஓர் அழகு உண்டு. சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்கிற ஊர். தேரோட்டி மகன் என்று சபையில் அவமானப்பட்டவனைப் பார்த்து முதல்முறையாக ஒருவன் "வாங்க" என்றான் என்று எழுதுங்கள். அங்க நாட்டைக் கொடுத்ததைவிட அது பெரிதாகப் படும்.

ஊர்க் கோயிலை வைத்து எழுதினால் பிரச்சினை வருமா?

வந்திருக்கிறது. திருச்செங்கோட்டுத் திருவிழாவைப் பின்னணியாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது 2014 கடைசியில். 2015 தொடக்கத்தில் இனி எழுதுவதில்லை என்று அறிவித்தார். 2016 ஜூலையில் உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது மிகுபுனைவு அல்ல, ஆனாலும் எழுத வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

பயந்து எழுதாமல் இருக்கச் சொல்ல மாட்டேன். மிகுபுனைவில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஊருக்குப் புதுப் பெயர் வைக்கலாம். உயிரோடு இருக்கும் சனத்தின் குலத்தையும் பெண்களையும் பற்றி எழுதும்போது, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை வாய்விட்டுப் படிக்க முடியுமா என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் எழுதுங்கள்.

சித்தர், நவபாஷாணம் வைத்து நிறையக் கதை வருகிறதே?

வருகிறது. பழனி என்றால் போகர், போகர் என்றால் ரகசியச் சுவடி, சுவடியைத் தேடி ஒரு வெளிநாட்டு வில்லன். போதும் என்று தோன்றுகிறது. ஆண்டிக் கோலத்தில் மலையேறி நின்ற பிள்ளையின் கோபத்தை எழுதுங்கள், அது இன்னும் தீரவில்லை.

புத்தகம் எங்கே பார்த்து வாங்கலாம்?

கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவிலும், ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் எல்லாப் பதிப்பகங்களும் வரும். புரட்டிப் பார்த்து, ஒரு பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள், அட்டைப் படத்தை நம்பாதீர்கள். மாவட்ட மைய நூலகத்தில் பழைய மொழிபெயர்ப்புகள் கிடைக்கும்.

எனக்கு எழுத வராது. ஆனால் எங்கள் வீட்டுப் பாட்டி நிறையச் சொல்வார். அதை என்ன செய்வது?

எங்கள் அம்மிச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. கட்டுத்தரைப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கடலைக்காய் தொலித்துக்கொண்டே பாரதம் சொல்வாள். பாஞ்சாலி விராடன் வீட்டில் ராணிக்குத் தலைவாரிவிடும் வேலைக்காரியாக இருந்த இடம் வந்தால் கை நின்றுவிடும். "தன் தலைய முடியாதவ, ஊரான் தலையச் சிங்காரிச்சா கண்ணு, ஒரு வருசம்" என்பாள். அவிழ்ந்த கூந்தலையும் சைரந்திரி வேலையையும் இப்படிப் பக்கத்தில் வைத்துச் சொன்ன வரியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அவள் சொன்னதில் எனக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். மற்றது எதையும் எழுதி வைக்கவில்லை, குரலும் இல்லை.

உங்களிடம் போன் இருக்கிறது. பதிவைப் போட்டுக் கட்டில் மேல் வைத்துவிடுங்கள். கேள்வி கேட்டுக் குறுக்கிடாதீர்கள், தப்பாகச் சொல்கிறார் என்று திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு கடலைக்காயைத் தொலித்துக்கொண்டிருங்கள், அவர் பாட்டுக்குச் சொல்வார்.